தண்ணீர் ஊற்றாத விதை

தண்ணீர் ஊற்றாத விதை முளைத்திருந்தது.

பென்சன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. இரண்டாவது அறையில் போட்டிருந்த தட்டாம்பயறு அத்தனையும் தோலை உரித்துக்கொண்டு, வெள்ளை வேரைக் கீழே விட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அந்த அறைக்கு வெளியே அவர் கையாலேயே ஒட்டிய அட்டையில் ஒரு தண்ணீர்க் குழாயின் படம். படத்தின்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அதாவது, இந்த அறைக்குத் தண்ணீர் கிடையாது.

"சார், முளைச்சிருச்சு சார்!" என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் கைதட்டியது.

"முளைக்கக் கூடாதுடா" என்றார் பென்சன் பலவீனமாக.

"ஏன் சார் முளைக்கக் கூடாது?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரியட்டும் என்றுதான் அந்தப் பெட்டியையே அவர் செய்திருந்தார்.

பென்சன் ராஜபாளையத்திலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறவர். சுந்தரபாண்டியத்தைத் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டிப் போனால் வருகிற ஒரு சின்ன ஊரின் தொடக்கப் பள்ளியில் வேலை. தலைமையாசிரியை காளீஸ்வரி டீச்சரையும் சேர்த்து அங்கே ஆசிரியர்கள் இரண்டே பேர். பென்சன் சிறுவனாக இருந்தபோது, 'விதை முளைக்கத் தேவையானவை யாவை?' என்ற கேள்விக்கு மூச்சு விடாமல் பதில் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவர். ஆனால் ஒரு விதை முளைத்து வளர்வதை நின்று பார்த்தது என்னவோ ஆசிரியரான பிறகுதான். அதுவும் பள்ளிக் கழிவறைச் சுவரில் தானாக முளைத்த ஓர் ஆலங்கன்று. அன்றைக்கு அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நம்மிடம் படிக்கிற பிள்ளைகளாவது இப்படி ஏமாறக் கூடாது என்று நினைத்தார்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'விதை வீடு'. பிளைவுட் பலகையில் மூன்று அறைகள். முன்பக்கம் கண்ணாடி. மண்ணுக்குப் பதிலாக, அவர் மனைவி பிளஸ்ஸி வேலை பார்க்கிற பேண்டேஜ் துணி மில்லில் கழித்துப் போட்ட துணியை மெத்தை மாதிரி மடித்து வைத்திருந்தார். வேர் போகிற போக்கு கண்ணாடி வழியே அப்படியே தெரியும். ஒவ்வொரு அறைக்கும் ஓர் அட்டைக் கதவு. பிள்ளைகள் கயிற்றை இழுத்தால் கதவு மேலே போகும், கூடவே அட்டைச் சூரியன் ஒன்று கூரைமேல் ஏறும். முதல் அறைக்குத் தண்ணீரும் வெளிச்சமும் உண்டு. இரண்டாவதற்குத் தண்ணீர் கிடையாது. மூன்றாவதற்கு வெளிச்சம் கிடையாது. விதை முளைத்திருந்தால் சுவரிலுள்ள படத்தில் சிரிக்கிற முகத்தை ஒட்ட வேண்டும், முளைக்காவிட்டால் அழுகிற முகம். கயிற்றை இழுப்பதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று அடித்துக்கொண்டார்கள்.

காளீஸ்வரி டீச்சருக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. "படத்தை வரைஞ்சு பாகங்களைக் குறின்னா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி வீடு கட்டிக் குடி வைக்கணுமா?" என்பார். பள்ளிக்கென்று வந்த பெரிய டிவியையே அவர் தமது அறையில் துணி போட்டு மூடி, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்கூட அழியாமல் காப்பாற்றி வருகிறவர்.

இதுவரைக்கும் ஒன்றும் மோசமில்லை. மோசம் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "நம்ம பென்சன் சார் அதுல புலி" என்று காளீஸ்வரி டீச்சர் நல்ல மனதோடுதான் சொல்லி வைத்தார். அதிகாரி ராஜரத்தினம் பென்சனைக் கூப்பிட்டுவிட்டார். பென்சன் பதறிப்போய், "சார், நான் வகுப்புல இருக்கேன் சார். ஒரு தடவை வந்து என் வகுப்பையும் நான் செஞ்ச விதை வீட்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று கெஞ்சினார்.

ராஜரத்தினம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நானும் இருபது வருசம் அறிவியல் எடுத்தவன்தான் பென்சன். அட்டையும் கயிறும் வச்சு வேடிக்கை காட்டினா பிள்ளைகளுக்குப் பொழுது போகும், அறிவியல் வராது. கிராமத்துல முதல்ல ஒழிய வேண்டியது மூடநம்பிக்கை. அதுக்குத் தெளிவான பாடம் வேணும். சரி, ஊர்ப் பொங்கல் முடிஞ்ச வாரம் வெள்ளிக்கிழமை வாரேன். பிள்ளைக வாயால சரியான பதில் வந்துச்சுன்னா நீங்க வகுப்புலயே இருங்க. வரலேன்னா திங்கக்கிழமையே ஆபீசுக்கு வந்துரணும்."

ஆக, அந்த இரண்டாவது அறை காய்ந்து கிடந்தால் பென்சனுக்கு வகுப்பு உண்டு. முளைத்தால் கம்ப்யூட்டர்தான். அதுதான் இப்போது முளைத்து நிற்கிறது.

பென்சன் முளைகளை எடுத்துவிட்டு, காய்ந்த துணியும் காய்ந்த பயறும் வைத்தார். அடுத்த நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தார். வகுப்பு வாசலில் ஒரு ஜோடிப் பொம்பளைச் செருப்பு கிடந்தது. உள்ளே, மூன்றாம் வகுப்பு யோகேஸ்வரியின் அம்மா அங்காளம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் செம்போடு விதை வீட்டின் முன்னால் நின்றாள்.

"ஆத்தாடி, சார் வந்துட்டாகளே."

"என்னம்மா செய்றீங்க?"

"தண்ணி ஊத்துறேன் சார்."

"அதுதான் தெரியுதே. அந்த அறைக்கு ஊத்தக் கூடாதும்மா. படம் போட்டு வச்சிருக்கேன்ல?"

"படத்தப் பாத்துட்டுத்தான் சார் வாரேன். படத்துக்குக் கீழ எம் மக பேரு எழுதியிருக்கு."

எழுதித்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு விதைமேல் ஒரு பற்று வரட்டும் என்று அறைக்கு ஒரு பிள்ளை பெயரை எழுதியிருந்தார் பென்சன். பயிற்சி வகுப்பில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அம்மன் கோயில் பொங்கச் சாட்டியாச்சு சார். ஊர்ல வீட்டுக்கு ஒரு முளைப்பாரி போட்டு, இருட்டுல மூடி வச்சிருக்கோம். நம்ம முளை எப்படி வருதோ, அதுபடிதான் அந்த வருசம் வீடு விளங்கும்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கோம். நீங்க என்னடான்னா எம் பிள்ளை பேர எழுதி, இது முளைக்காதுன்னு நீங்களே படமும் போட்டு வச்சிருக்கீக. பெத்தவ பாத்துக்கிட்டு இருப்பேனா?"

"இது முளைப்பாரி இல்லம்மா. பாடம்."

"இருக்கட்டும் சார். பேரு எம் மக பேருதான?"

அங்காளம்மாள் போகும்போது மூன்றாவது அறைக் கதவைத் தூக்கிப் பார்த்து, இருட்டில் மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்திருந்த பயறைக் கண்டு முகம் மலர்ந்தாள். "இதுதான் சார் ஒழுங்கா வளருது. இது யாரு வீட்டுது?" என்று கேட்டாள்.

பென்சன் யோசித்தார். சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. யோகேஸ்வரி பெயரை எடுத்துவிட்டு, இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றின் பெயரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கௌதம்ராஜின் அப்பா பேச்சிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கொஞ்சம் வயலும் உண்டு. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "சாமியாடிக்குக் கொடுக்குற காசுல தெருவுக்கு லைட்டுப் போடலாம்" என்று பேசியவர். அந்தக் கதை பென்சன் காதுவரைக்கும் வந்திருந்தது. கௌதம்ராஜ் என்று அழகாக எழுதி ஒட்டினார். அன்று மாலை கண்ணாடியைச் சுற்றி டேப்பும் ஒட்டினார்.

மறுநாள் காலையில் டேப் ஒட்டியபடியே இருந்தது. கொஞ்சம் கோணலாக. உள்ளே துணி காய்ந்து சருகாகக் கிடந்தது. அந்தக் காய்ந்த துணியின்மேல் முளை கட்டிய பயறு, நாற்று நட்டமாதிரி வரிசையாக நின்றது.

பேச்சிமுத்து மறைக்கவில்லை. பள்ளி வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவரே உள்ளே வந்தார்.

"நாந்தான் சார். வீட்டுல ஊறப்போட்டுத் துணியில கட்டி வச்சிருந்தேன். அதக் கொண்டாந்து வச்சேன். தண்ணி ஊத்தக் கூடாதுன்னீகளாம்ல? ஒரு சொட்டு ஊத்தல."

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே?"

"எனக்கு ஏது நம்பிக்கை? ஒரு நம்பிக்கையும் கெடையாது." பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா அங்காளம்மா மக பேருல முளைச்சு, எம் மகன் பேருல முளைக்காமப் போச்சுன்னா நாளைக்கு டீக்கடையில நான் எப்படி சார் உக்காருறது? அதுபோக, பய ராத்திரி சோறே உங்கல. நம்ம பேரு காஞ்சு போகுமாப்பான்னு கேக்கான். அம்புட்டுத்தான் சார் விசயம்."

சொல்லிவிட்டு, பென்சன் கோபப்படுவதற்குள் பேச்சிமுத்து ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இதற்குள் பிள்ளைகள் சுவரில் சிரிக்கிற முகத்தை ஒட்டி முடித்திருந்தார்கள். கண்ணால் பார்த்ததை ஒட்டச் சொன்னதும் அவர்தானே, கிழிக்கவா முடியும்?

அன்று பென்சன் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத பெயர் ஒன்று வேண்டும். அப்படி ஒரு பெயர் இருக்கவே இருக்கிறது. அவர் வெளியூர்க்காரர். சாயங்காலம் மணி அடித்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் தேவாலயத்துக்குப் போகிறவர். அவர் பெயருக்கு இங்கே யார் செம்பைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறார்கள்? 'பென்சன் சார்' என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வந்து கயிற்றை இழுத்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதுவரை முளைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பயறு ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு முளைத்து, கண்ணாடியையே முட்டிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

சத்துணவு சமைக்கிற அழகுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பென்சன் நேராக அங்கே போனார்.

"அழகுத்தாயக்கா, உண்மையைச் சொல்லுங்க. யாரு தண்ணி ஊத்தினது?"

"யாரு ஊத்தலன்னு கேளுங்க சார். அதுதான் சொல்ல லேசு."

"என் பேருக்கு எதுக்குக்கா ஊத்தணும்? நான் இந்த ஊரே இல்லையே?"

அழகுத்தாய் களைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தாள். "உங்கள ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போகப் போறாகளாம்ல? டீச்சரம்மா போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. கும்மிக்குக் கூடின எடத்துல சொன்னேன். சார் பேரு காஞ்சா சாரு நெசமாவே போயிருவாருன்னு ஒருத்தி சொன்னா. அம்புட்டுத்தான், ஆளுக்கு ஒரு செம்பு எடுத்துட்டாளுக. மஞ்ச அங்காளம்மா போட்டது."

"ஐயோ, அக்கா! அது காய்ஞ்சாத்தான் நான் இங்க இருக்க முடியும். முளைச்சா நான் போயிருவேன்."

அழகுத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது என்ன சார் கூத்தா இருக்கு? சரி, அது தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன? ஒரு ஆளு பேர எழுதி வச்சுட்டு, அது காயறதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க மனசு வருமா?"

இந்த ஊரில் பென்சன் தண்ணீர்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்துதான் குடிக்கிறார். நான்கு வருடமாகத் தன்னைப் பற்றி யாரும் ஒன்றும் நினைப்பதில்லை என்றே எண்ணிக்கொண்டிருந்தார். கோபப்பட வந்தவர், "மதியத்துக்குக் குழம்பு என்னக்கா?" என்று எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

வீட்டில் பிளஸ்ஸி கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எங்க மில்லுலயும் அப்படித்தான். எண்ணெய் போடு, எண்ணெய் போடுன்னு போர்டு வச்சா ஒருத்தரும் போடுறதில்ல. தறிக்குத் தறி ஓட்டுறவங்க பேரை எழுதி ஒட்டினாங்க. இப்ப மிஷின் எண்ணெயில குளிக்குது. நீங்க பேரே எழுதாதீங்களேன்."

எவ்வளவு எளிய வழி! பென்சனுக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. மறுநாள் மூன்று அறைகளிலும் இருந்த பெயர்களைக் கிழித்தெடுத்தார். புதிய துணி, புதிய பயறு. முதல் அறைக்கும் மூன்றாவதற்கும் மட்டும் அவரே தண்ணீர் ஊற்றினார். ஊரில் பொங்கல் வந்தது, முளைப்பாரி ஊர்வலம் போனது, அங்காளம்மாள் வீட்டுப் பாரி நன்றாகவே வந்திருந்தது என்று கேள்வி. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறந்தபோது இரண்டாவது அறை வறண்டு கிடந்தது. பயறு போட்டது போட்டபடி.

பென்சன் குதிக்காத குறைதான். முதல் அறை முளைத்திருக்கிறது, மூன்றாவது முளைத்திருக்கிறது, இரண்டாவது முளைக்கவில்லை. கடைசியில் விதை பாடப்புத்தகப்படி நடந்துகொண்டது. பிள்ளைகள் இரண்டாவது அறைக்கு அழுகிற முகத்தை ஒட்டினார்கள். யோகேஸ்வரி மட்டும் நகரவில்லை. சுவரிலிருந்த முகங்களையும் அறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா பார்க்கிற?"

"இதுக்கு யாருமே இல்லையா சார்? பாவம்."

"விதைக்கு என்னம்மா பாவம்" என்று சொல்லிவிட்டு பென்சன் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டார். அவர் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோசத்தில் அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி என்று பென்சன் போயிருந்தார். புதன்கிழமை வந்து பார்த்தால், விதை வீட்டுக்குப் பட்டு ரிப்பன் கட்டியிருந்தது. மூன்று அறைகளின் நெற்றியிலும் வண்ணத் தாளில் புதிதாகப் பெயர்கள். முதல் அறையில் மாவட்ட அதிகாரியின் பெயர். இரண்டாவதில் 'உயர்திரு ராஜரத்தினம் அவர்கள்'. மூன்றாவதில் 'தலைமையாசிரியை காளீஸ்வரி'.

"டீச்சர்! என்ன டீச்சர் இது?"

"பேரு எழுதுற எடம் மொட்டையா இருந்துச்சுல்ல? வெள்ளிக்கிழமை ஆபீசர் வரும்போது லட்சணமா இருக்க வேண்டாமா?" என்றார் காளீஸ்வரி டீச்சர் பெருமையாக.

"இரண்டாவது அறை முளைக்காத அறை டீச்சர். அதுல போய் ஆபீசர் பேரையா போடுவீங்க?"

"பதவி வரிசைப்படிதான சார் போட முடியும்? அவர் பேரை முதல்ல போட்டா மேலதிகாரியை எங்க போடுறது?"

"அவர் பார்த்தா என்ன நினைப்பார்?"

"நெனைக்கிறதுக்கு என்ன, பாத்துட்டாரே!" டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நேத்தே வந்துட்டாரு சார், வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் சரியா இருக்கான்னு பாக்க. இது என்னன்னு கேட்டாரு. அட்டையில இருக்கற படத்தைக் காட்டிச் சொன்னேன், இதுல மட்டும் முளைக்காது சார்னு. 'அப்படியா, அப்படியா'ன்னு சிரிச்சாரு. நான் சாய்தளத்தை அளக்கப் போயிட்டேன். பாவம், வெயில்ல வந்தவரு, இந்த வகுப்புல ஃபேனுக்குக் கீழ உக்காந்து, அழகுத்தாய்கிட்ட ரெண்டு செம்பு தண்ணி வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாரு. டீகூட வேண்டாம்னுட்டாரு. அவருக்குப் பதவி உயர்வு வரப் போகுதாம் சார், தெரியுமா?"

"அந்தப் பேரையாவது எடுத்துரலாம் டீச்சர்."

"போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காரு. ரிப்பன் கட்டச் சொன்னதே அவருதான். வெள்ளிக்கிழமை என் கையாலதான் திறப்பேன், அதுவரைக்கும் ஒருத்தரும் கதவைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்க கை வச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல."

பென்சன் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சற்று நேரம் யோசித்துப் பார்த்ததில், பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றியது. அதிகாரி பெயர் எழுதியிருக்கிறது, சரி. அவருக்காக இந்த ஊரில் யார் உருகப் போகிறார்கள்? அங்காளம்மாளுக்கு அவரைத் தெரியாது. பேச்சிமுத்துவுக்குத் தெரிந்தாலும் பிடிக்காது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, அன்றே வத்திராயிருப்பு போய் ஒரு பூட்டு வாங்கி வந்து வகுப்பறையைப் பூட்டினார். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். இரண்டு நாளும் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராஜரத்தினம் ஜீப்பிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை. அன்றைக்கு ஆபீசில் இருந்த மிடுக்கு இன்றைக்கு ஏனோ அவ்வளவாக இல்லை என்று பென்சனுக்குத் தோன்றியது. ஜன்னல்களில் தாய்மார்கள் நின்றார்கள். பேச்சிமுத்துகூட ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

முதல் கயிற்றை யோகேஸ்வரி இழுத்தாள். சூரியன் ஏறியது. பச்சைப் பசேலென்று பயறு. கைதட்டல்.

மூன்றாவது கயிற்றைக் கௌதம்ராஜ் இழுத்தான். இருட்டில் வளர்ந்த மஞ்சள் முளை, ஒரு சாண் உயரம். "எம்புட்டு ஒசரம்!" என்று ஜன்னலில் பெருமூச்சு கேட்டது. காளீஸ்வரி டீச்சர் தம் பெயரைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டார்.

"இப்ப இரண்டாவது. தண்ணீர் இல்லாத அறை" என்றார் பென்சன். "சார், நீங்க இழுங்க."

ராஜரத்தினம் ரிப்பனை அவிழ்த்தார். கயிற்றைப் பிடித்தவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு இழுத்தார்.

உள்ளே பயறு ஜம்மென்று முளைத்து நின்றது.

பென்சன் பூட்டைத் தொட்டுப் பார்த்தார், சாவியைத் தொட்டுப் பார்த்தார். யார் வந்தது, எந்த வழியாக வந்தது? ஜன்னலைப் பார்த்தார். அங்காளம்மாள் இரண்டு கையையும் விரித்து, நான் இல்லை என்றாள். பேச்சிமுத்து நெஞ்சைத் தொட்டு, சத்தியமாக நானும் இல்லை என்றார். போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர்தான்.

"சார்... இது எப்படின்னு எனக்கே..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க பென்சன்" என்றார் ராஜரத்தினம். "பிள்ளைகளைத்தான் கேக்கணும். யாராவது சொல்லுங்க பார்ப்போம். விதை முளைக்க என்ன வேணும்?"

யோகேஸ்வரி கையைத் தூக்கினாள். "பேரு வேணும் சார்."

காளீஸ்வரி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னம்மா சொல்ற? பேரா?"

யோகேஸ்வரி சுவரிலிருந்த படத்துக்குப் போனாள். ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டினாள். "எம் பேரு எழுதினப்ப முளைச்சுச்சு சார். கௌதம்ராஜ் பேரு எழுதினப்பவும் முளைச்சுச்சு. எங்க சார் பேரு எழுதினப்ப ரொம்ப முளைச்சுச்சு. பொறவு யாரு பேரும் எழுதல. அப்ப மட்டும் முளைக்கவே இல்ல. அழுகுது பாருங்க. இப்ப உங்க பேரு எழுதினோம். முளைச்சிருச்சு."

ராஜரத்தினம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பேருக்கு எப்படிம்மா விதைய முளைக்க வைக்கத் தெரியும்?"

"பேருக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள் யோகேஸ்வரி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "முளைக்கிறது தண்ணியிலதான். பேரு இருந்தா யாராவது பாவம்னு வந்து தண்ணி ஊத்துவாக. பேரு இல்லேன்னா ஒருத்தரும் ஊத்த மாட்டாக. அதான்."

பென்சன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரமாக அவர் கெட்டுப்போன பரிசோதனை என்று நினைத்துக்கொண்டிருந்ததை, இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்த்து, எது மாறினால் எது மாறுகிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அவர் ஒருநாளும் ஒப்பித்த பதிலில் இது இல்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் அவருக்கு உண்மையாகவே தோன்றியது.

"ஆனா ஒண்ணு மட்டும் தெரியல சார்" என்று யோகேஸ்வரி இழுத்தாள். "உங்களுக்கு யாரு வந்து ஊத்துனாகன்னு தெரியல. உங்களுக்குன்னு இங்க யாருமே இல்லையே."

ராஜரத்தினத்துக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, யாரையும் பார்க்காமல் பேனாவை எடுத்தார்.

"சரியான பதில். இதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாது. பென்சன், நீங்க இங்கயே இருங்க. ஆபீசுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். இந்தப் பெட்டியைப் பத்தி நானே மேலிடத்துக்கு எழுதறேன். வரட்டுமா? எனக்கு வேற வேலை இருக்கு."

டீயைக்கூடத் தொடாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஜன்னலில் குலவைச் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து உள்ளே வந்து, பென்சன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல சார். இருந்தாலும் சந்தோசம்" என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு பென்சன் சமையல் கொட்டகைக்குப் போனார். அழகுத்தாய் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்பவாவது சொல்லுங்க. அந்த ஆபீசர் பேருக்கு ஊத்தினது நீங்கதான?"

"நான் எதுக்கு சார் ஊத்துறேன்? அவிய எனக்கு மாமனா மச்சானா?"

"பின்ன வேற யாருக்கா? புதன்கிழமையிலேருந்து சாவி என்கிட்ட இருக்கு."

"புதங்கெழம பூட்டி என்ன செய்ய? அவிய வந்தது செவ்வாக்கெழமயில்ல?" அழகுத்தாய் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னாக. நீங்க கேக்கதுனால சொல்லுதேன். மொதச் செம்ப மடமடன்னு குடிச்சாக. ரெண்டாவது செம்பு கேட்டாக. இம்புட்டுத் தாகமா சார்னு கேட்டேன். 'எனக்கில்லம்மா, எம் பேருக்கு'ன்னாக."